அத்தை உட்கார்ந்து போன நாற்காலி

அந்த நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் அடியில் கயிறு இறுக்கி அறுத்த தழும்பு இன்றும் இருக்கிறது. எண்ணெய்த் துணியால் எத்தனை முறை துடைத்தாலும் அந்தத் தழும்பு மட்டும் வெளுப்பாகவே நிற்கும். மலைமேல் எங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்தபோது, வாத்தியாருக்கென்று அடிவாரத்து அமிர்தியிலிருந்து ஓர் ஆள் தலையில் கவிழ்த்துச் சுமந்து வந்த நாற்காலி அது. அதற்கு முன் எங்கள் ஊரில் நாற்காலி என்று ஒன்று கிடையாது. பாறையில் உட்காருவோம், பாயில் உட்காருவோம், களத்தில் குந்துவோம். முதுகைச் சாய்த்து, காலைத் தொங்கவிட்டு உட்காருகிறவர்கள் இறந்தவர்கள் மட்டும்தான். அவர்களுக்கு மூங்கிலில் ஓர் இருக்கை கட்டி, அதில் உட்கார வைத்துத்தான் தூக்கிப் போவோம். நோயாளியைக் கம்பளி டோலியில் படுக்க வைத்துத் தூக்குவது, இறந்தவரை உட்கார வைத்துத் தூக்குவது என்பது எங்கள் வழக்கம். அதனால் வாத்தியார் முதல் நாள் அதில் ஏறி அமர்ந்தபோது வேடிக்கை பார்த்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் அத்தை பொத்தவில்லை. "இன்னா வாத்தியாரே, உசுரோட கீறப்பவே ஏறி உக்காந்துக்கினீங்க?" என்று கேட்டாள். பாவம், வாத்தியார் அந்த வாரம் முழுவதும் நின்றுகொண்டே பாடம் நடத்தினார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் கட்டிய ஒரு வருடத்தில் கணவரைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். குள்ளமான உடம்பு. ஆனால் அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் எப்படி வருகிறது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். சாமைக் காட்டில் பரண்மேல் நின்று அவள் ஒரு குரல் விட்டால் காட்டுப்பன்றி திரும்பி ஓடும். எதிர்ச் சரிவில் இருக்கும் ஊருக்குச் சேதி சொல்ல வேண்டுமானால் யாரும் பள்ளத்தில் இறங்கி ஏற மாட்டார்கள், அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். அவள் பாறைமேல் ஏறி, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, "பொண்ணு பொறந்துகீதாம்" என்பாள். அது பள்ளத்தைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்து மலையில் மோதி, இன்னொரு முறை எங்களுக்கே கேட்கும். நல்ல சேதியும் கெட்ட சேதியும் அவள் தொண்டை வழியாகத்தான் மலையைக் கடந்தன. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அவள் கேலி செய்யாத ஆளும் ஊரில் இல்லை. கேலிக்கு ஆளானவர்கள் இரண்டு நாளைக்கு முறைப்பார்கள். மூன்றாம் நாள் எதிர் ஊருக்குச் சேதி சொல்ல அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. மலையில் ஐந்தாவது முடித்துவிட்டு, கீழே விடுதியில் தங்கிப் பள்ளிக்கூடம் முடித்து, அதற்குப் பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் ஏறி வரும்போது கடைசித் திருப்பத்திலேயே அத்தையின் குரல் என்னைப் பிடித்துக்கொள்ளும். "வர்றா பாரு நாற்காலிக்காரி" என்பாள். படித்தால் நானும் ஒரு நாள் நாற்காலியில் உட்காருவேன் என்பது அவள் வைத்த கணக்கு. அது கேலிதான் என்றாலும் அதை அவள் ஊருக்கே கேட்கும்படி சொன்ன விதத்தில் வேறொன்றும் இருந்தது. என் படிப்பு வீண் என்று யாராவது வாயைத் திறந்தால், அடுத்த கேலி அவர்கள் மேல்தான் விழும்.

படிப்பின் கடைசி வருடத்தில் பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது, கடைசித் திருப்பத்தில் குரல் கேட்கவில்லை. சற்று நின்று பார்த்தேன். சரிவில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. யாரும் கூப்பிடவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய ஓடினேன்.

அத்தை வாசலில் உரலின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, தலையை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்துக்கும் மார்புக்கும் நடுவில் கழுத்து என்ற ஒன்று இல்லாதது போல வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தில் பாதி புதைந்தபடி ஒரு பொன்மணிக் கயிறு. அது ஊர்க்கவுண்டர் வீட்டுப் பொன். எங்கள் பக்கத்தில் கன்னமோ கழுத்தோ வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்பார்கள்; பொன்னை உடம்பில் போட்டால் வீக்கம் வடியும் என்பது நம்பிக்கை. அது அம்மன் தருகிற நோய், அதற்கு மருந்தோ ஊசியோ கூடாது என்பதும் கூடவே வரும். ஊரில் பொன் இருக்கிற வீடு ஒன்றுதான். அங்கே வாங்கி வந்து கட்டியிருந்தார்கள். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு அத்தை ஊரையே சுற்றி வந்தாளாம். "கட்டிக்கினவன் போடாத பொன்ன வீக்கம் போட்டுச்சி பாத்தியா" என்று எல்லோரிடமும் காட்டினாளாம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். நேற்றிலிருந்து அத்தை கஞ்சியும் குடிக்கவில்லை, தன் எச்சிலையும் விழுங்கவில்லை.

நான் அவள் எதிரில் மண்டியிட்டேன். என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னாள். சூடான கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மலை தாண்டும் குரல் ஒரு முழம் தாண்டவில்லை.  என் கை தன் வேலையை அறிந்திருந்தது. பொன்னுக்கு வீங்கி காதுக்குக் கீழே கன்னத்தின் ஓரத்தில் புடைக்கும். காது மடலைத் தூக்கிவிடும். தொட்டால் பிசைந்த மாவு போல இருக்கும். அத்தையின் காது மடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. வீக்கம் இருந்தது முகவாய்க்கு அடியில், தாடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இரண்டு பக்கமும் ஒன்றாக. விரலால் அழுத்தினேன். பலகையை அழுத்துவது போல இருந்தது. விரல் பதியவும் இல்லை, உள்ளே சீழ் அசையவும் இல்லை. தோல் நெருப்பாகச் சுட்டது. வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு விரல் நுழையும் அளவுதான் திறந்தது. வெயிலுக்கு முகத்தைத் திருப்பி உள்ளே பார்த்தேன். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதன் அடியில் வாயின் தரையே எழும்பி இன்னொரு நாக்கு போலத் தெரிந்தது.

பல் வலித்ததா என்று கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னாள். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று மாசக்கணக்காகச் சொத்தை. அத்தை அதில் எருக்கம்பால் விட்டிருக்கிறாள். போன வாரம் வலி சட்டென்று நின்றுபோக, பல்லைக் கொன்றுவிட்டேன் என்று பெருமை அடித்துக்கொண்டாளாம். பல் அடங்கிய மறுநாள் கழுத்து வீங்கியது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? பல் வாயில் இருந்தது, வீக்கம் கழுத்தில் இருந்தது, நடுவில் பொன் இருந்தது.

நான் சேர்த்துப் பார்த்தேன், ஏனென்றால் அதே கழுத்தை ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருந்தேன். படிப்பின் நடுவில் ஒரு நாள், வாணியம்பாடித் தோல் மண்டியில் வேலை செய்கிற ஒரு பாயை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவரும் இப்படித்தான் முன்னால் குனிந்து, வாயிலிருந்து எச்சில் வழிய உட்கார்ந்திருந்தார். கூட வந்தவர்கள் அவரைக் கட்டிலில் சாய்க்கப் பார்த்தார்கள். அறுவைசிகிச்சை செய்யும் டாக்டரம்மா அதட்டி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். அவர் சாதாரணமாகக் குரலை உயர்த்தாதவர். "படுக்க வெச்சா நாக்கு பின்னால விழுந்து மூச்சு நின்னுடும். உக்காந்தே இருக்கட்டும்" என்றார். பிறகு மாணவிகளான எங்கள் பக்கம் திரும்பி, "இது பழுக்கட்டும்னு காத்திருக்கக் கூடாதும்மா. இந்தக் கழுத்து பழுக்காது. அதுக்கு முந்தி ஆள் போயிடுவார்" என்றார். சொத்தைப் பல்லின் வேரிலிருந்து இறங்கிய நஞ்சு தாடைக்கு அடியில் பரவி, நாக்கைத் தூக்கி, தொண்டையை நெருக்குகிறது என்று அவர் விளக்கியதை நான் மனதில் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பாய் பிழைத்துப் போனார். அவர் கழுத்தும் என் அத்தையின் கழுத்தும் ஒன்று.

முதலில் பொன்மணிக் கயிற்றை எடுத்தாக வேண்டும். கொக்கி வீக்கத்துக்குள் போய்விட்டது. கத்தரியை எடுத்தேன். ஒரு பெண்ணின் கழுத்தில் இருப்பதை அறுப்பது எந்த ஊரிலும் நல்ல காரியம் இல்லை; அம்மன் காரியமாகக் கட்டியதை அறுப்பது அதைவிட மோசம். சுற்றி நின்ற பெண்கள் பின்வாங்கினார்கள். நான் அறுத்தேன். மணிகள் வாசலில் தெறித்து உருண்டன. அம்மா அவற்றை முந்தானையில் பொறுக்கினாள். அத்தையின் கழுத்தைச் சுற்றி, கயிறு இருந்த இடத்தில் நீலமாக ஒரு பள்ளம் இருந்தது.

இது அம்மன் இல்லை, பல்லு என்று அப்பாவிடம் சொன்னேன். இன்றே கீழே கொண்டுபோக வேண்டும், நாளைக்கு என்றால் அத்தை இருக்க மாட்டாள் என்றும் சொன்னேன். அப்பா அதிகம் பேசாதவர். தங்கையின் வாயிலிருந்து ஒழுகும் எச்சிலை ஒரு நிமிஷம் பார்த்தார். போய் டோலி கட்டச் சொன்னார். அந்த மட்டில் என் சொல் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது.

கம்பளியை மூங்கிலில் கட்டி, அத்தையைத் தூக்கி அதில் கிடத்தினார்கள். வேண்டாம் என்று நான் கத்துவதற்குள் அவள் முகம் கருத்துவிட்டது. தொண்டையிலிருந்து சேவல் கூவுவது போல ஒரு சத்தம் வந்தது. கண் பிதுங்க, கையால் கம்பளியைக் கிழிப்பது போல அடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மூச்சு வந்தது. மறுபடியும் படுக்க வைக்கப் போனார்கள். நான் நடுவில் புகுந்து தடுத்தேன். உட்கார வைத்துத்தான் தூக்க வேண்டும் என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் இருக்கிறது. அப்பாதான் பேசினார். "உசுரோட கீறவள உக்கார வெச்சித் தூக்க மாட்டோம் பாப்பா. நம்ப ஊர்ல அது இன்னான்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். தெரிந்துதான் சொல்கிறேன் என்றேன். யாரோ ஒரு பெரியவர், "இவ படிப்பு சாவையும் முந்திக்கினு வரச் சொல்லுதா?" என்றார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இல்லை. ஒவ்வொரு மூச்சும் அத்தையின் தொண்டையில் விசில் போல இழுத்துக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பொங்கலுக்கு வாத்தியார் கீழே போயிருந்தார். கதவைக் கயிற்றால்தான் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து, அந்த நாற்காலியைத் தூக்கி வந்து, எல்லோர் நடுவிலும் வைத்தேன். டோலி மூங்கிலை உருவி, இன்னொரு மூங்கிலையும் சேர்த்து இரண்டு பக்கமும் வைத்து, கைகளுக்கு அடியில் கயிற்றைச் சுற்றி நானே இறுக்கினேன். பிறகு நான் அதில் ஏறி உட்கார்ந்தேன்.

"என்னத் தூக்குங்க மொதல்ல" என்றேன்.

கல்யாணம் ஆகாத பெண். ஊர் முழுக்க நின்று பார்க்கிறது. அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள். யாரும் அசையவில்லை. நான் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன்: "தூக்குப்பா. செத்துப் போறனான்னு பாரு." அப்பாவின் முகத்தில் கோபம் வந்தது, அது என்மேல் வந்ததா, அந்த வழக்கத்தின்மேல் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் குனிந்து மூங்கிலின் முன் முனையைப் பிடித்தார். அப்பா பிடித்தபின் மற்றவர்கள் எப்படி நிற்பார்கள்? தூக்கினார்கள். எங்கள் வீட்டு வாசலிலிருந்து புளியமரம் வரை, இறந்தவர்கள் போகிற அதே வழியில், நான் உயிரோடு உட்கார்ந்து போனேன். புளியமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட உயரமான இடத்தில் நான் உட்கார்ந்தது இல்லை.

இறக்கி வைத்தபோது என் தோளில் ஓர் அடி விழுந்தது. அத்தை. எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. அவளால் பேச முடியவில்லை. என் தோளை மறுபடி தட்டி, எழுந்திரு என்று கையால் காட்டினாள். நான் எழுந்ததும் அவள் உட்கார்ந்தாள், இரண்டு கையையும் நாற்காலியின் கைகளில் ஊன்றி, தலையை முன்னால் நீட்டி. ஊரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பேச முடிந்திருந்தால் அவள் யாரை என்ன சொல்லியிருப்பாள் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அப்போதும் அப்பாவின் மனம் ஆறவில்லை. நாற்காலியைச் சுற்றி நடந்தார். திடீரென்று நின்றார். "பொணத்த ஊரப் பாக்க வெச்சித்தான் தூக்கிக்கினு போவோம். கடைசியா ஊரப் பாத்துக்கட்டும்னு. இவள அந்தாண்ட திருப்புங்க. இவ கீழ போற வழியப் பாக்கட்டும்" என்றார். எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இறக்கத்தில் பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்தால் உடம்பு முன்னால்தான் சாயும். அவள் மூச்சுக்கு வேண்டியது அந்தச் சாய்வுதான். டாக்டரம்மா அங்கே இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பார். விழுந்துவிடாமல் அத்தையின் இடுப்பை ஒரு புடவையால் நாற்காலியோடு கட்டினேன். கிளம்பினோம்.

அமிர்திக்கு இறங்குகிற காட்டுப்பாதையை நான் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். அன்றுதான் அது அவ்வளவு நீளமாக இருந்தது. ஆட்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். நான் பக்கத்திலேயே நடந்து அவள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அந்த விசில் சத்தம் நின்றால் எனக்கு உயிர் போகும், கேட்டால்தான் நிம்மதி. நடுவில் ஓர் ஓடை. ஆட்கள் இறக்கி வைத்துத் தண்ணீர் குடித்தார்கள். அத்தைக்கும் தாகம், விழுங்க முடியவில்லை. துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை எதற்கும் கையைப் பிடிக்கிறவள் இல்லை. அப்போதுதான் அவளுக்கும் பயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அமிர்தியில் மூங்கில் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கிளம்ப நின்றிருந்தது. டிரைவர் ஒரு பாய். எங்கள் ஊர்வலத்தைப் பார்த்துப் பீடியைக் கீழே போட்டார். "இன்னாம்மா இது, நாற்காலியோட வந்துட்டீங்க?" என்றார். படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும் என்று நான் சொன்னதும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் பக்கத்து இருக்கையில் இருந்த சாமானை எல்லாம் எடுத்துப் பின்னால் எறிந்தார். அத்தையை அங்கே முன்னால் சாய்ந்தபடி உட்கார வைத்து நானும் ஏறிக்கொண்டேன். காலி நாற்காலியை மூங்கில் கட்டின்மேல் ஏற்றி, அப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டு மேலேயே உட்கார்ந்துகொண்டார். கணியம்பாடியைத் தாண்டும்போது சாலையில் நின்றவர்கள், லாரிமேல் நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிற அந்த மனிதரை அண்ணாந்து பார்த்தார்களாம். அப்பா இதைப் பிறகு பலமுறை சொன்னார்.

நான் படித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்கே போனோம். அங்கே நான் நோயாளியின் வீட்டுப் பெண்ணாக நிற்கவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தவரிடம் வேண்டாம், நாற்காலி கொண்டு வாங்க என்றேன். டாக்டரம்மா வந்ததும், சொத்தைப் பல்லில் ஆரம்பித்து இரண்டு பக்கத்து வீக்கம், பலகை போன்ற கழுத்து, எழும்பிய நாக்கு, படுத்தால் வரும் சேவல் சத்தம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் அத்தையின் முகவாய்க்கு அடியில் விரலை வைத்து அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "யார் உக்கார வெச்சிக் கொண்டாந்தது?" என்று கேட்டார். நான் என்றேன். "கை கழுவிட்டு வா" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது எந்தப் பட்டத்துக்கும் குறைவில்லை.

அத்தைக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைக்க முடியாது. தூங்கினால் தொண்டையின் தசை தளர்ந்து மிச்சமிருந்த வழியும் அடைத்துவிடும். உட்கார்ந்தபடியே கழுத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, முதலில் மூச்சுக்குழாயைத் திறந்தார்கள். நான் பின்னாலிருந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வளைந்த குழாய் உள்ளே போனதும் காற்று புஸ்ஸென்று போய் வந்தது. அந்த விசில் நின்றது. நாள் முழுதும் இறுகியிருந்த அவள் தோள் என் கைகளுக்கிடையில் தளர்ந்தது எனக்கு இன்றும் உள்ளங்கையில் தெரிகிறது. அதற்குப் பிறகுதான் அவளைச் சாய்த்து முகவாய்க்கு அடியில் கீறினார்கள். குடம் குடமாகச் சீழ் வரும் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். வந்தது கழுநீர் போல நாற்றமடித்த கொஞ்சம் தண்ணீர்தான். ஆனால் இறுகியிருந்ததை அது விட்டுக்கொடுத்தது. ரப்பர்த் துண்டுகளை உள்ளே வைத்து, புண் வடியும்படி திறந்தே விட்டார்கள். பல்லைப் பிடுங்கினார்கள். பெனிசிலின் ஊசி நேரம் தவறாமல் போட்டோம். எனக்கு முறை இல்லாதபோதும் நான்தான் போட்டேன்.

காய்ச்சல் இறங்கியது. கழுத்தின் பலகை நாளுக்கு நாள் மெழுகாகி, மெழுகு சதையாகியது. ஆனால் அப்பா வார்டுக்கு வெளியே குந்தியபடி, தொண்டையில் ஓட்டை போட்டவள் இனிப் பேசுவாளா என்பதையே கேட்டுக்கொண்டிருந்தார். குழாய் வழியாக மூச்சு போகும்போது குரல் எழும்பாது, குழாயை எடுத்ததும் வரும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், புத்தகத்தில் படித்ததை நானும் அந்த ஒரு விஷயத்தில் முழுக்க நம்பாமல்தான் இருந்தேன். அத்தையும் கேட்கவில்லை, கேட்க முடியாதே. ஜன்னல் வழியாகக் கோட்டை மாதிரித் தெரியும் எங்கள் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

குழாயை எடுக்கிற நாள் வந்தது. டாக்டரம்மா எடுத்துவிட்டு, அந்தத் துளையின்மேல் மடித்த துணியை வைத்து விரலால் மூடி, ஏதாவது பேசும்மா என்றார். அத்தை எச்சிலை விழுங்கினாள். அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நாற்காலி எங்கடி?"

கரகரவென்று, பாதிக் காற்றாக வந்தது. ஆனால் குரல். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்காலி வாசலில் இருக்கிறது, காவல்காரர் அதில்தான் உட்காருகிறார் என்றேன். "அவன எழுந்துக்கச் சொல்லு. அது எங்க பள்ளிக்கூடத்துது" என்றாள் அத்தை.

வீடு திரும்பும் நாளில் அவளால் நன்றாக நடக்க முடிந்தது. பஸ்ஸில் அமிர்தி வரை வந்து இறங்கியதும், அங்கிருந்து நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். எங்கே உட்கார்ந்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. தூக்கிக்கொண்டு போனவர்கள்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டுமாம். அப்பா ஊருக்கு ஆள் அனுப்பினார். அதே ஆட்கள் திட்டிக்கொண்டே இறங்கி வந்து, சிரித்துக்கொண்டே தோள் கொடுத்தார்கள். மேலே ஏறும்போது நாற்காலி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். அத்தை அப்பாவைப் பார்த்தாள். "இப்ப ஊரப் பாத்துத்தான் வருவேன்ணா. பொணமா இல்ல, நானா வர்றேன்" என்றாள்.

கடைசித் திருப்பத்தில் நிறுத்தச் சொன்னாள். தொண்டையில் இருந்த கட்டின்மேல் இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். முதல் குரல் பாதியில் உடைந்தது. அவள் செருமினாள். இரண்டாவது குரல் போனது. "வர்றேன் பாருங்க" என்ற அந்த இரண்டு சொல் பள்ளத்தைத் தாண்டி, எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரிலிருந்தும் எதிர் ஊரிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆட்கள் கத்தியது எனக்குக் கேட்டது. நான் பாதையோரப் பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுவது என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றுதான் எனக்கு அது வந்தது.

இப்போது எங்கள் மலையில் ஒரு சின்ன மருத்துவ நிலையம் இருக்கிறது. அதில் நர்ஸ் நான். மேலே வேலைக்கு யாரும் வர மாட்டேன் என்ற இடத்தை நான் கேட்டு வாங்கி வந்தேன். அந்த நாற்காலியில் மறுபடி உட்கார வாத்தியாருக்குத் துணிவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வேறு நாற்காலி வந்தது. இது என் அறைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்து காட்ட வருகிறவர்களை ஜன்னல் ஓரமாக, வெளிச்சத்தைப் பார்த்தபடி இதில்தான் உட்கார வைக்கிறேன். மற்ற நேரங்களில் அத்தை உட்கார்ந்திருப்பாள். முகவாய்க்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு வெள்ளைத் தழும்பு; நாற்காலியின் தழும்பும் அவள் தழும்பும் ஒரே வயது. யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். ஊர்க்கவுண்டர் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை.

போன சந்தை நாளில் எதிர்ச் சரிவு ஊரிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். கன்னம் புடைத்து, கழுத்தில் யாரோ வீட்டுப் பொன் கட்டியிருந்தது. நான் உள்ளே ஒரு குழந்தைக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் அத்தையின் குரல் கேட்டது. "மொதல்ல அத கழட்டு. நாக்க நீட்டு. நீட்ட வருதா? பல்லு எப்ப வலிச்சிது?" என்று கேட்டுக்கொண்டே போனாள். அவன் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். நான் மருந்துப் புட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தபோது, அத்தை நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தாள்.

"படுக்காதடா. இதுல வந்து உக்காரு" என்றாள்.